சட்டம் சொல்வது 5 ஆண்டு. குடியுரிமை கிடைக்க 15 ஆண்டு ஆவது ஏன்?

குடியுரிமை விதிகள் பல நாடுகளில் அடுத்தடுத்து மாறிவருகின்றன. பின்லாந்து 2024 அக்டோபர் 1 முதல் 5 ஆண்டு வசிப்பு என்பதை 8 ஆண்டாக உயர்த்தியது. அதே ஆண்டு ஜெர்மனி 8 ஆண்டை 5 ஆகக் குறைத்தது. நாட்டு வாழ்க்கையோடு நன்கு ஒன்றிவிட்டவர்களுக்கு 3 ஆண்டிலேயே குடியுரிமை என்ற சலுகையையும் கொடுத்தது. அந்தச் சலுகை 2025 அக்டோபரில் ரத்தானது. இத்தாலியில் 10 ஆண்டை 5 ஆக்கக் கோரி 2025 ஜூனில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. வாக்காளர்களில் பாதிப் பேராவது வந்தால்தான் அது செல்லும். வந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பிரான்ஸ் 2026 ஜனவரி 1 முதல் மொழித் தகுதியை ஒரு படி உயர்த்தியிருக்கிறது.

இந்தச் செய்திகளில் எல்லாம் தலைப்பாக வருவது ஆண்டுக் கணக்குதான். "அங்கே 5 வருஷம் இருந்தால் பாஸ்போர்ட் கிடைத்துவிடும்" என்று பலரும் நம்புவது இதனால்தான். ஆனால் எந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள், எந்த நாட்களை எண்ணாமல் விடுகிறார்கள், எண்ணி முடித்த பிறகு மறுக்க யாருக்கு அதிகாரம் உண்டு என்று பார்க்காதவரை அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. சிக்கல் பெரும்பாலும் கடைசித் தேர்வில் இல்லை. முதல் விசாவிலேயே தொடங்கிவிடுகிறது.

அடிப்படை: குடியுரிமை யார் கையில்?

உலக மனித உரிமைப் பிரகடனத்தின் (1948) 15-ஆவது பிரிவு, ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை பெறும் உரிமை உண்டு என்கிறது. எந்த நாடு அதைக் கொடுக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. அதற்கு முன்பே, 1930-இல் ஹேக் நகரில் உருவான உடன்படிக்கை, தன் குடிமக்கள் யார் என்பதை அந்தந்த நாடே தன் சட்டப்படி தீர்மானிக்கும் என்று எழுதிவைத்துவிட்டது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நிலைமை தெளிவாகும்: உரிமை எல்லோருக்கும் உண்டு, அதைக் கொடுத்தே தீரவேண்டிய கடமை குறிப்பிட்ட எந்த நாட்டுக்கும் இல்லை. புலம்பெயர்ந்தோரின் பாடு முழுவதும் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

ஒருவர் குடிமகனாவதற்கு உலகில் உள்ள வழிகள் இவை:

1. பிறந்த மண்ணால். அமெரிக்காவில் 1868-இல் வந்த 14-ஆவது திருத்தம் இதன் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. நிபந்தனையின்றி இப்படிக் கொடுத்துவந்த நாடுகள் பல பின்வாங்கிவிட்டன. பிரிட்டன் 1983-இலும் ஆஸ்திரேலியா 1986-இலும் நிறுத்தின. அயர்லாந்து 2004 பொதுவாக்கெடுப்புக்குப் பின் நிறுத்தியது.

2. பெற்றோர் வழியாக. இதிலும் எல்லோருக்கும் ஒரே அளவுகோல் இல்லை. தந்தைக்கு இருப்பதைப் போலத் தாய்க்குத் தன் குடியுரிமையைப் பிள்ளைக்குக் கொடுக்கும் உரிமை இல்லாத நாடுகள் இன்னும் இரண்டு டஜன் அளவில் இருக்கின்றன.

3. திருமணத்தால். தாலியோ மோதிரமோ ஏறிய அன்றே குடியுரிமை வருவதில்லை. பெரும்பாலான நாடுகளில் காத்திருப்பு சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

4. வசித்து, விண்ணப்பித்து. இந்தக் கட்டுரை பேசுவது இதைப் பற்றி.

5. பணத்தால். செயிண்ட் கிட்ஸ் அண்ட் நெவிஸ் 1984-இலிருந்து முதலீட்டுக்குக் குடியுரிமை தருகிறது. மால்டா இதையே செய்துவந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2025 ஏப்ரலில் அதைச் சட்டத்துக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது.

யார் தகுதியானவர் என்ற வரையறை காலத்துக்குக் காலம் எவ்வளவு மாறும் என்பதற்கு ஒரு வழக்கு. அமெரிக்காவின் 1790-ஆம் ஆண்டுச் சட்டம் "சுதந்திரமான வெள்ளையருக்கு" மட்டுமே விண்ணப்பிக்கும் உரிமை கொடுத்தது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியர் பெற்ற குடியுரிமையை எதிர்த்து அரசு வழக்காடியது; 1923-இல் உச்ச நீதிமன்றம் அவர் வெள்ளையர் அல்லர் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பை வைத்து வேறு பல இந்தியர்களின் குடியுரிமையும் பறிக்கப்பட்டது. இந்தியர்களுக்குக் கதவு திறந்தது 1946-இல்; இன நிபந்தனை முற்றாக நீங்கியது 1952-இல். இன்றைய சட்டங்களில் நிறம் எழுதப்படுவதில்லை. வருமானம், மொழி, வந்த வழி ஆகியவை எழுதப்படுகின்றன. இவை ஒவ்வொன்றும் யாரை உள்ளே விட்டு யாரை வெளியே நிறுத்துகிறது என்று கேட்கத்தான் வேண்டும்.

மூன்று படிகள், பெரிய தடை நடுவில்

வேலை, படிப்பு, குடும்பம், தஞ்சம் ஆகிய காரணங்களில் ஒன்றுக்காகக் கிடைக்கும் தற்காலிக விசா முதல் படி. காலவரம்பின்றி வசிக்கவும் எந்த வேலையும் பார்க்கவும் அனுமதிக்கும் நிரந்தர வசிப்புரிமை இரண்டாவது படி. அமெரிக்காவில் கிரீன் கார்டு, கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பி.ஆர்., பிரிட்டனில் ஐ.எல்.ஆர். என்று பேச்சில் சொல்வது இதைத்தான். குடியுரிமை மூன்றாவது.

குழப்பம் எல்லாம் இங்கேதான் வருகிறது. "5 ஆண்டு" என்று ஒரு நாடு சொல்லும்போது அது முதல் படியிலிருந்தா, இரண்டாவது படியிலிருந்தா?

அமெரிக்காவில் அது கிரீன் கார்டு கிடைத்த நாளிலிருந்து. அதற்கு முன் மாணவராக இருந்த ஆண்டுகளும் எச்-1பி விசாவில் உழைத்த ஆண்டுகளும் ஒரு நாள்கூடக் கணக்கில் சேராது. கிரீன் கார்டுக்கே வரிசை உண்டு. வேலை வழியாக ஆண்டுக்கு அடிப்படையில் சுமார் 1,40,000 பேருக்குத்தான் கிடைக்கும். விண்ணப்பதாரரின் மனைவி, கணவர், பிள்ளைகளும் அந்த எண்ணிக்கைக்குள் அடக்கம். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் அதில் 7 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது பொது விதி. மக்கள்தொகை கோடிக்கணக்கில் உள்ள நாட்டுக்கும் சில லட்சம் உள்ள நாட்டுக்கும் ஒரே உச்சவரம்பு. அதனால் இந்தியாவிலும் சீனாவிலும் பிறந்தவர்களின் வரிசை நீண்டுகொண்டே போகிறது. இந்தியாவில் பிறந்தவர்களுக்குச் சில பிரிவுகளில் பத்தாண்டைத் தாண்டிய காத்திருப்பு சாதாரணம். சட்டப் புத்தகத்தில் 5 ஆண்டு என்று இருப்பது உண்மை வாழ்க்கையில் 15 ஆண்டும் அதற்கு மேலும் ஆவது இப்படித்தான்.

கனடா வேறு மாதிரி. முந்தைய 5 ஆண்டுகளில் 1,095 நாட்கள் நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். பி.ஆர். கிடைப்பதற்கு முன் சட்டப்படி இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாளாகக் கணக்கிடப்படும். அதிகபட்சம் 365 நாட்கள்வரை சேர்த்துக்கொள்ளலாம். பிரிட்டனில் 5 ஆண்டு வசிப்பும், விண்ணப்பிக்கும் முன் 12 மாதங்களாவது ஐ.எல்.ஆர். நிலையில் இருந்திருப்பதும் பொதுவான நிபந்தனை. ஆனால் மாணவர் விசாவில் கழித்த காலம் வழக்கமான 5 ஆண்டு ஐ.எல்.ஆர். வழிக்கு உதவாது.

இரண்டாவது படியே இல்லாத நாடுகளும் உண்டு, அல்லது இருந்தும் இல்லாதது போன்றவை. வளைகுடா நாடுகளில் வேலை விசாவைப் புதுப்பித்துப் புதுப்பித்து முப்பது ஆண்டு வாழ்ந்தவரும் வெளிநாட்டவராகவே ஓய்வுபெறுகிறார். அங்கேயே பிறந்து வளர்ந்த அவருடைய பிள்ளையும் வெளிநாட்டவர்தான். கத்தாரின் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் 25 ஆண்டுத் தொடர் வசிப்பைக் கேட்கிறது. அதை நிறைவுசெய்தாலும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. மற்ற நாடுகளில் எத்தனை ஆண்டு என்று கேட்பதற்கு முன், தன் விசா எந்தப் படிக்கும் இட்டுச் செல்லாத விசாவா என்று கேட்பது இதனால்தான் முக்கியம். பருவகாலப் பண்ணை வேலை, குறுகிய ஒப்பந்தம் போன்ற பல விசாக்கள் அப்படிப்பட்டவை.

நாட்கள் விட்டுப்போகும் இடங்கள்

கணக்கு தொடங்கிய பிறகும் அது அறுந்துபோகலாம். விண்ணப்பதாரர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான், ஏனென்றால் தவறு செய்யும்போது அது தவறு என்றே தெரியாது.

1. நீண்ட பயணம். அமெரிக்காவில் ஒரே பயணமாக 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர் வசிப்பு முறிந்ததாகவே முதலில் கருதுவார்கள். முறியவில்லை என்று காட்டுவது விண்ணப்பதாரரின் பொறுப்பு. ஓராண்டு தாண்டினால் முறிந்தது முறிந்ததுதான். அம்மாவின் கடைசி மாதங்களில் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளப் போனவருக்கும் இதே விதி.

2. கூட்டுக் கணக்கு. பிரிட்டனில் 5 ஆண்டில் 450 நாட்களுக்கும், கடைசி 12 மாதத்தில் 90 நாட்களுக்கும் மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது. சிறிது மிஞ்சினால் அதிகாரி மன்னிக்கலாம்.

3. முதல் நாள். அதே பிரிட்டனில், விண்ணப்பம் போய்ச் சேரும் நாளிலிருந்து சரியாக 5 ஆண்டுக்கு முந்தைய அந்த ஒரு நாளில் ஆள் நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். அன்று விடுமுறைக்கு வெளியூர் போயிருந்தால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் விண்ணப்பம் தள்ளுபடியாகக்கூடும். சில நாள் கழித்து அனுப்பியிருந்தால் சிக்கலே இல்லை.

4. நாட்டுக்குள்ளேயே இடம் மாறுதல். சுவிட்சர்லாந்தில் கூட்டாட்சி, மாநிலம், ஊராட்சி என மூன்று அடுக்கும் சம்மதிக்க வேண்டும். நாட்டளவில் 10 ஆண்டு. அதோடு மாநிலம் ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் 2 முதல் 5 ஆண்டு வசிப்பைத் தனியாகக் கேட்கிறது. வேலைக்காகப் பக்கத்து மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்தப் பகுதிக் கணக்கை மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கலாம்.

5. தஞ்சம் கேட்டுக் காத்திருந்த காலம். பின்லாந்தின் 2024 மாற்றத்தில் ஆண்டு உயர்வைவிடக் கடுமையானது இதுவே: தஞ்ச மனு பரிசீலனையில் இருந்த காலம் இனி வசிப்புக் காலமாகச் சேராது. செய்திகளில் இது பெரிதாக வரவில்லை.

தேர்வும் மொழியும்

குடிமைத் தேர்வைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். தயாரிக்க நேரமும் பாடப் புத்தகமும் உள்ளவருக்கு அது பெரும் தடை அல்ல. பிரிட்டனில் 45 நிமிடத்தில் 24 கேள்விகள், 18 சரியாக இருக்க வேண்டும். ஜெர்மனியில் 33-க்கு 17. ஆஸ்திரேலியாவில் 20-க்கு 15, ஆனால் நாட்டின் விழுமியங்கள் பற்றிய 5 கேள்விகளுக்கும் பிழையில்லாமல் விடை சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 128 கேள்விகள் கொண்ட தொகுப்பிலிருந்து 20 வரை கேட்டு 12 சரியா என்று பார்க்கிறார்கள். முன்பு 100 கேள்வித் தொகுப்பில் 10-க்கு 6 போதும்.

மொழி அப்படியல்ல. ஐரோப்பிய அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள். பிரிட்டனும் ஜெர்மனியும் கேட்பது மூன்றாவது நிலையான பி1: அன்றாட விஷயங்களைத் தடுமாறியாவது பேசிச் சமாளிக்கும் திறன். பிரான்ஸ் இப்போது கேட்கும் பி2-வோ வாதம் செய்யவும் கட்டுரை எழுதவும் தெரிந்திருக்க வேண்டிய நிலை. ஒரு படிதானே என்று தோன்றும். ஆனால் இந்த இரண்டுக்கும் இடையில் பல நூறு மணி நேரப் படிப்பு இருக்கிறது. இரவுப் பணியில் துப்புரவு செய்பவர், சமையலறையில் தன் மொழி பேசுபவர்களோடு மட்டும் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவர், தாய்மொழியிலேயே எழுதப் படிக்க வாய்ப்புக் கிடைக்காத பெண் ஆகியோர் அந்த மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பார்கள்? மொழி தெரிய வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. கற்றுக்கொடுக்கும் பொறுப்பை ஏற்காமல் தரத்தை மட்டும் உயர்த்துவது, ஏற்கெனவே படித்தவர்களை வடிகட்டி எடுப்பதாகத்தான் முடிகிறது.

வயதுக்குச் சலுகை உண்டு. கனடாவில் 55 வயதிலும் பிரிட்டனில் 65 வயதிலும் தேர்வும் மொழி நிபந்தனையும் நீங்கும். அமெரிக்காவில் 50 வயதும் கிரீன் கார்டுடன் 20 ஆண்டும், அல்லது 55 வயதும் 15 ஆண்டும் ஆனவர்கள் ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டாம். குடிமைக் கேள்விகளுக்குத் தங்கள் மொழியில் பதில் சொல்லலாம்.

தாள்களும் நன்னடத்தையும்

பிறப்புச் சான்று, வசித்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் காவல்துறைச் சான்று, வரிக் கணக்கு, ஒவ்வொரு பயணத்தின் போன தேதி, வந்த தேதி. தாளில் பெயர் ஒரு விதமாகவும் பாஸ்போர்ட்டில் இன்னொரு விதமாகவும் எழுத்துக்கூட்டப்பட்டிருந்தால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழிப் பத்திரம். போரில் பதிவு அலுவலகமே எரிந்துபோன ஊரிலிருந்து வந்தவருக்குப் பிறப்புச் சான்று எங்கே கிடைக்கும்? தன்னைத் துன்புறுத்திய அரசின் தூதரகத்திலேயே போய்க் காவல்துறைச் சான்று கேட்கும்படி அகதியைச் சொல்ல முடியுமா? பல நாடுகள் இதற்கு விலக்கு தருகின்றன, ஆனால் விலக்கைக் கேட்டு வாங்குவதே தனி வேலை.

சட்டப்படி உரிமை இருந்தும் தாள் இல்லாததால் எவ்வளவு பெரிய அநீதி நடக்கும் என்பதைப் பிரிட்டனின் விண்ட்ரஷ் விவகாரம் காட்டியது. 1948 முதல் 1973 வரை கரீபியத் தீவுகளிலிருந்தும் பிற காமன்வெல்த் நாடுகளிலிருந்தும் வந்தவர்கள் சட்டப்படி தங்கும் உரிமை உள்ளவர்கள். பலர் பெற்றோரின் பாஸ்போர்ட்டில் குழந்தைகளாக வந்ததால் தனி ஆவணம் இல்லை. அவர்கள் வந்ததைக் காட்டும் தரையிறங்கு அட்டைகளை உள்துறை 2010-இல் அழித்துவிட்டது. பிறகு வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் ஆவணம் கேட்கும் சட்டங்கள் வந்தன. ஐம்பது ஆண்டு வரி கட்டியவர்கள் வேலை இழந்தார்கள், தடுத்துவைக்கப்பட்டார்கள், சிலர் நாடுகடத்தப்பட்டார்கள். 2018-இல் அரசு மன்னிப்புக் கேட்டது.

நன்னடத்தை என்ற நிபந்தனையும் கேட்பதற்கு எளிமையானது. குற்றத் தண்டனை மட்டுமல்ல, வரி பாக்கி, விசா விதி மீறல், பழைய படிவத்தில் சொல்லாமல் விட்ட ஒரு விவரம் எல்லாம் இதற்குள் வரும். பிரிட்டன் 2025 பிப்ரவரியில் தன் அதிகாரிகளுக்கு அளித்த வழிகாட்டுதலின்படி, சட்டவிரோதமாக நுழைந்தவர் எத்தனை ஆண்டு ஆனாலும் பொதுவாகக் குடியுரிமை மறுக்கப்படுவார். சிறு படகில் கடலைக் கடந்து வந்து, அகதி என்று அதே அரசால் ஏற்கப்பட்டவரும் இதில் அடக்கம். 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 34-ஆவது பிரிவு, அகதிகள் குடியுரிமை பெறுவதை நாடுகள் இயன்றவரை எளிதாக்க வேண்டும் என்கிறது. இந்த வழிகாட்டுதல் அந்தப் பிரிவுக்கு நேர் எதிராக நிற்கிறது என்பதைச் சுற்றிவளைக்காமல் சொல்ல வேண்டும்.

செலவு

ஜெர்மனியில் விண்ணப்பக் கட்டணம் 255 யூரோ. அமெரிக்காவில் 2024 ஏப்ரல் முதல் தாள் விண்ணப்பத்துக்கு 760 டாலர். பிரிட்டனில் 1,500 பவுண்டுக்கும் மேல். அதற்கு முந்தைய படிகளின் செலவு தனி: பிரிட்டனில் 2024 பிப்ரவரி முதல் விசாவின் ஒவ்வொரு ஆண்டுக்கும் மருத்துவக் கூடுதல் கட்டணமே பெரியவர் ஒருவருக்கு 1,035 பவுண்டு. 5 ஆண்டுக்குக் கணவன் மனைவி இருவருக்கும் 10,350 பவுண்டு, விசாக் கட்டணம் சேராமல்.

உரிமையா, சலுகையா?

எல்லா நிபந்தனையையும் நிறைவுசெய்தவருக்குக் குடியுரிமை கொடுத்தே ஆகவேண்டுமா? ஜெர்மனியில் ஆம், அது சட்டப்படி கேட்டுப் பெறும் உரிமை, மறுத்தால் நீதிமன்றம் போகலாம். பிரிட்டன் சட்டம் உள்துறை அமைச்சர் "தக்கதென்று கருதினால்" வழங்கலாம் என்கிறது. மறுப்பை எதிர்த்து முழுமையான மேல்முறையீடு கிடையாது. பிரான்சிலும் ஜப்பானிலும் நிபந்தனைகளை நிறைவுசெய்வது தொடக்கம்தான், முடிவு அரசின் விருப்பம்.

விருப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு சுவிட்சர்லாந்தின் எம்மென் ஊர் சாட்சி. 2000-இல் அங்கே விண்ணப்பதாரர்களின் விவரங்களை அச்சிட்டு வீடுவீடாகக் கொடுத்து, ஊர் மக்களை வாக்களிக்கச் சொன்னார்கள். இத்தாலியர்கள் தேறினார்கள். முன்னாள் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர்கள் நிராகரிக்கப்பட்டார்கள். ஏன் என்று யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை, வாக்குப் பெட்டிக்கு வாய் கிடையாதே. 2003-இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் இந்த முறை அரசமைப்புக்கு எதிரானது என்றது: காரணம் சொல்லாத மறுப்பைப் பாகுபாடா இல்லையா என்று சோதிக்கவே வழியில்லை.

விளையாட்டு நடக்கும்போதே விதியை மாற்றுவதும் இதில் சேரும். பிரிட்டன் உயர்திறன் பணியாளர் திட்டத்தின் விசா நீட்டிப்பு விதிகளை 2006-இல் கடுமையாக்கி, ஏற்கெனவே வீட்டை விற்று வேலையை விட்டு வந்துவிட்டவர்களுக்கும் பொருத்தியது. 2008 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அது நியாயமற்றது என்று தடுத்தது. 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் ஐ.எல்.ஆர். காத்திருப்பைப் பொதுவாக 5-லிருந்து 10 ஆண்டாக்க அரசு முன்மொழிந்தபோது, நான்காவது ஆண்டில் நின்றவர்களின் முதல் கேள்வி "எங்களுக்கும் பொருந்துமா?" என்பதாக இருந்ததில் வியப்பில்லை.

பழைய குடியுரிமையை விடும்போது

இந்தியா, சீனா, ஜப்பான், சிங்கப்பூர் போன்ற நாடுகள் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இந்தியச் சட்டப்படி வேறு நாட்டுக் குடியுரிமையைத் தானாக விரும்பிப் பெற்ற அந்த நாளிலேயே இந்தியக் குடியுரிமை போய்விடும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு 2005 முதல் இருக்கும் ஓ.சி.ஐ. அட்டை நீண்டகால விசாவைப் போன்றது, வாக்குரிமை தராது. மறுமுனையில், விட்டுவிட விரும்பினாலும் விடாத நாடுகள் உண்டு. அர்ஜென்டினா குடியுரிமையைத் துறக்க அனுமதிப்பதில்லை. பழையதை விட்டால்தான் புதியது என்று சொல்லும் நாட்டில் அர்ஜென்டினர் என்ன செய்வார்? இத்தகையவர்களுக்கு விலக்கு கொடுக்க வேண்டியிருக்கிறது.

மிக ஆபத்தான கட்டம், பழையதை விட்டு புதியது வராத இடைவெளி. எஸ்தோனியக் குடிமகளாக இருந்த ஒரு பெண் 2008-இல் ஆஸ்திரியாவில் விண்ணப்பித்தார். பழையதை விட்டுவிட்டு வந்தால் தருகிறோம் என்று 2014-இல் எழுத்தில் உறுதி கொடுத்தார்கள். 2015-இல் அவர் எஸ்தோனியக் குடியுரிமையைத் துறந்தார். பிறகு ஆஸ்திரிய அதிகாரிகள் உறுதியைத் திரும்பப் பெற்றார்கள். காரணம் வாகன விதி மீறல்கள்: வண்டியில் தகுதிச் சோதனை வில்லையை ஒட்டாதது, குடித்துவிட்டு ஓட்டியது. அவர் எந்த நாட்டுக்கும் உரியவர் இல்லாமல் போனார். 2022 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், இந்தக் குற்றங்களுக்கு இந்த விளைவு அளவுக்கு மீறியது என்றது. குடிபோதையில் வண்டி ஓட்டியதற்குத் தண்டனை இருக்கட்டும். நாடற்றவராக்குவது அதற்கான தண்டனை அல்ல. துறப்புக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் புதிய நாடு தரும் உறுதி எதுவரை செல்லும், எந்தக் காரணத்தால் ரத்தாகும் என்று வழக்கறிஞரிடம் கேட்டே தீரவேண்டும்.

புதிய கடமைகளும் வரும். அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர் பிறகு உலகில் எங்கே வாழ்ந்தாலும் ஆண்டுதோறும் அமெரிக்காவுக்கு வருமானக் கணக்குக் காட்ட வேண்டும். குடியுரிமையை வைத்தே வரி கேட்கும் நாடு அதைத் தவிர எரித்ரியா மட்டும்தான்.

குடும்பத்துக்குள் பிளவு

துணையின் விசாவைச் சார்ந்து வந்தவரின் வசிப்புரிமை, அந்த உறவு நீடிக்கும்வரைதான். அமெரிக்காவில் திருமணமாகி 2 ஆண்டு ஆகுமுன் கிடைக்கும் கிரீன் கார்டு 2 ஆண்டு நிபந்தனை அட்டை. நிபந்தனையை நீக்க இருவரும் சேர்ந்து மனுப் போட வேண்டும். அடித்துத் துன்புறுத்தும் துணைக்கு இது எப்படிப்பட்ட ஆயுதமாகும் என்பது விளங்கும். 1994-ஆம் ஆண்டுச் சட்டம் வன்முறைக்கு ஆளானவர் தானாகவே மனுச் செய்ய வழி திறந்தது. அந்த வழி இருப்பது தெரியாமல் வீட்டுக்குள் அடைந்து கிடப்பவர்கள் உண்டு என்பதால் இதை எழுதியே ஆகவேண்டும்.

பிள்ளைகளின் நிலை இன்னும் சிக்கலானது. பெற்றோரின் கிரீன் கார்டு வரிசையில் சேர்ந்திருக்கும் பிள்ளை 21 வயதானதும் அந்த வரிசையிலிருந்து விழுந்துவிடும். 2002-ஆம் ஆண்டுச் சட்டம் வயதைக் கணக்கிடும் முறையில் சற்று இரக்கம் காட்டியது, ஆனால் பத்தாண்டுக் காத்திருப்புக்கு அது போதவில்லை. ஐந்து வயதில் வந்து, அங்கேயே பள்ளியும் கல்லூரியும் முடித்தவர், இருபத்தொன்றில் புதிதாக ஒரு மாணவர் விசா தேட வேண்டியிருக்கிறது. தத்தெடுக்கப்பட்டவர்களுக்கும் இப்படி நடந்தது. வெளிநாட்டிலிருந்து தத்தெடுக்கப்பட்ட குழந்தைகள் தாமாகவே குடிமக்களாவார்கள் என்ற அமெரிக்கச் சட்டம் 2001 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோது, அன்று 18 வயதைத் தாண்டியிருந்தவர்களை அது சேர்க்கவில்லை. வளர்ப்புப் பெற்றோர் விண்ணப்பிக்க மறந்ததால், கொரியாவிலிருந்து கைக்குழந்தையாக வந்த சிலர் நடுவயதில் மொழி தெரியாத நாட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

கிடைத்த பிறகு

பெற்ற குடியுரிமை பிறப்பால் வந்ததைப் போல உறுதியானதா? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967-இல், குடிமகனின் சம்மதமின்றி அரசு குடியுரிமையைப் பறிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. மோசடியால் பெற்றது மட்டும் விலக்கு. பிரிட்டனில் அரசின் கை நீளம். பொதுநலனுக்கு உகந்தது என்று கருதினால் உள்துறை அமைச்சர் பறிக்கலாம், பொதுவாக ஆள் நாடற்றவராகாத வரை. லண்டனில் பிறந்த ஷமிமா பேகம் 15 வயதில் சிரியாவுக்குப் போனவர்; 2019-இல் அவருடைய குடியுரிமை பறிக்கப்பட்டது. பெற்றோர் வழியாக அவருக்கு வங்கதேசக் குடியுரிமை இருக்கிறது என்பது அரசின் வாதம். அவர் எங்கள் குடிமகள் அல்ல என்று வங்கதேசம் சொன்னது. 2024 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசின் பக்கமே நின்றது. அவர் செய்தது எதுவாக இருந்தாலும், பெரும்பாலும் புலம்பெயர்ந்தோருக்கும் அவர்களின் பிள்ளைகளுக்குமே இந்த ஆபத்து பொருந்துகிறது. வேறு நாட்டோடு தொடர்பே இல்லாத குடிமகன் இதே குற்றத்தைச் செய்தால் நாட்டுக்குள்ளேயே விசாரிக்கப்படுவான்.

சாதாரண விண்ணப்பதாரர் கவனிக்க வேண்டியது மோசடி என்ற சொல்லின் எல்லை. போஸ்னியாவிலிருந்து அகதியாக அமெரிக்கா வந்த திவ்னா மாஸ்லென்யாக், அகதி நேர்காணலில் கணவரின் ராணுவப் பணியைப் பற்றிப் பொய் சொன்னார். 2007-இல் குடியுரிமை பெற்றார். அதற்கான விண்ணப்பப் படிவத்தில், இதற்கு முன் அதிகாரிகளிடம் பொய் சொன்னதில்லை என்று குறித்தார். பிறகு உண்மை வெளிவந்து குடியுரிமை பறிபோனது. 2017 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக, எந்தப் பொய்யும் போதும் என்ற அரசின் வாதத்தை ஏற்க மறுத்தது: குடியுரிமை கிடைத்ததில் அந்தப் பொய்க்குப் பங்கு இருந்ததென்று அரசு காட்ட வேண்டும். இந்தப் பாதுகாப்பு பெரியது, முழுமையானது அல்ல. முதல் விசாப் படிவத்தில் எழுதியதும் கடைசிப் படிவத்தில் எழுதியதும் ஒப்பிட்டுப் பார்க்கப்படும். ஏஜென்ட் நிரப்பிய படிவமானாலும் கையெழுத்து விண்ணப்பதாரருடையது. அதனால் முதல் விசாவில் தொடங்கி ஒவ்வொரு படிவத்தின் நகலையும், ஒவ்வொரு பயணத் தேதியையும், காலாவதியான பாஸ்போர்ட்டுகள் உட்பட, குடியுரிமைச் சான்றிதழ் கைக்கு வந்த பின்னும் தூக்கி எறியாமல் வைத்திருக்க வேண்டும். பழைய படிவத்தில் பிழை கண்ணில் பட்டால், அதிகாரி கேட்கும் முன் வழக்கறிஞர் மூலம் தானே எழுதித் திருத்திக்கொள்வது பாதுகாப்பு.